‘கெட்டிக்கார’ நேபாளியும் ‘உதவாக்கரை’ச் சோமாலியும்: ஓர் ஒப்பீட்டின் அரசியல்

புகலிட நாடுகளில் எம்மவர் கூடுகின்ற இடங்களில் ஓர் ஒப்பீடு அடிக்கடி காதில் விழுகிறது. “நேபாளி வந்த அடுத்த மாதமே வேலைக்குப் போறான், ரெண்டு வேலை செய்யிறான், அஞ்சு வருசத்திலை வீடு வாங்கிறான். சோமாலியன் முப்பது வருசமா இருக்கிறான், இன்னும் கவுன்சில் வீடும் அரசாங்கக் காசும்தான்” என்பது அதன் சாராம்சம். கோவில் வீதியில், பலசரக்குக் கடையில், பிறந்தநாள் விருந்தில், தேர்தல் காலத்தில் என்று இது எங்கும் சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. தாம் கண்ணால் கண்டதைச் சொல்வதாகவே அவர்கள் நம்புகிறார்கள். ஆனால் சொல்பவரின் மனதில் மூன்றாவது ஆளொருவரும் இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். நேபாளியோடு சேர்ந்து கெட்டிக்காரர் பக்கத்தில் நிற்கும் அந்த மூன்றாவது ஆள் தமிழர். சோமாலியரைக் கீழே வைப்பதன் மூலம் நாம் எம்மை எங்கே வைக்கிறோம் என்பதே இந்த ஒப்பீட்டின் உள்ளடக்கம்.

இந்த வாய்ப்பேச்சுக்கு உத்தியோகபூர்வமான ஒரு தோழனும் உண்டு. அது புள்ளிவிபர அட்டவணை. பிரித்தானியாவிலும் ஸ்கன்டிநேவிய நாடுகளிலும் குடிவந்தோரை அவர்கள் பிறந்த நாட்டின்படியோ இனப்படியோ வரிசைப்படுத்தி, வேலை செய்வோர் எத்தனை வீதம், உதவிப்பணம் பெறுவோர் எத்தனை வீதம் என்று வெளியிடும் அட்டவணைகளில் சோமாலியர் நீண்ட காலமாக அடிமட்டத்திலேயே இருந்து வந்திருக்கின்றனர். நோர்வேயில் 2010களின் தொடக்கத்தில், சோமாலியாவிலிருந்து வந்தவர்களில் பத்தில் மூவரளவிலேயே வேலையில் இருந்தனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டின்படி, சோமாலியர் என்று தம்மைப் பதிந்தவர்களில் பத்தில் ஏழு பேரளவில் சமூக வாடகை வீடுகளில் வாழ்ந்தனர். இந்த எண்களை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல. எண்களை ஏற்றுக்கொண்டே, அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறானது என்று காட்ட முயல்கிறேன். அட்டவணை ஓர் இனத்தின் குணத்தை அளப்பதாக நினைத்து நாம் அதை வாசிக்கிறோம். அது பெருமளவுக்கு அளப்பதோ, அவர்கள் எந்த வாசலால், எந்தக் காலத்தில், எந்த நிபந்தனையில் உள்ளே விடப்பட்டார்கள் என்பதைத்தான்.

எந்த வாசலால் வந்தவர்கள்?

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். இலண்டனின் தென்கிழக்கே வூல்விச், பிளம்ஸ்டெட் பகுதிகளில் நேபாளியரும் சோமாலியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். தமிழ்க் கடைகளும் அங்கு உண்டு. ஒரே பஸ்ஸில் ஏறுகின்ற இவ்விரு பகுதியினரும் இந்த நாட்டுக்குள் வந்த பாதைகள் முற்றிலும் வேறானவை.

நேபாளியரின் பாதை படையினூடாகத் தொடங்கியது. 1815இல் கிழக்கிந்தியக் கம்பெனி கூர்க்காக்களைத் தன் படையில் சேர்த்தது. அன்றிலிருந்து இரண்டு நூற்றாண்டுகளாக அவர்கள் பிரித்தானியாவுக்காகச் சண்டை பிடித்தார்கள். ஆனால் சண்டை பிடித்த நாட்டில் குடியிருக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. கூர்க்காப் படையணியின் தலைமையகம் ஹொங்கொங்கிலிருந்து பிரித்தானியாவுக்கு மாற்றப்பட்டது 1997இல். 2004இல்தான், அதுவும் 1997 யூலை 1க்குப் பின் ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும், குடியேறும் உரிமை கொடுக்கப்பட்டது. அதற்கு முன் ஓய்வுபெற்றவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2008 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரல் 29இல் பாராளுமன்றத்தில் கோர்டன் பிரவுணின் அரசாங்கம் இவ்விடயத்தில் வாக்கெடுப்பில் தோற்றது. அடுத்த மாதமே, நான்கு வருடங்கள் சேவையாற்றிய அனைவருக்கும் கதவு திறந்தது.

இரண்டாவது பாதை விசாப் பாதை. மாணவர்கள், தாதியர், உணவகத் தொழிலாளர், பராமரிப்புத் தொழிலாளர் இதனூடாக வந்தனர். 2022 ஓகஸ்டில் பிரித்தானியாவும் நேபாளமும் சுகாதாரத் தொழிலாளரை எடுப்பதற்கென அரசுக்கு அரசாக ஓர் உடன்படிக்கையே செய்துகொண்டன. இந்த விசாப் பாதையின் தன்மையைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். படிப்பு இருக்க வேண்டும், ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும், கட்டணம் கட்டப் பணம் வேண்டும், வயது இளமையாக இருக்க வேண்டும். இவையெல்லாம் கொண்டவரே உள்ளே வரமுடியும். வேலை விசாவில் வந்தவர் வேலையை இழந்தால் குறித்த காலத்துள் வேறு வேலை தேட வேண்டும், அல்லது நாட்டை விட்டுப் போக வேண்டும். போய்விட்டவர் அட்டவணையில் இருக்கமாட்டார். ஆக, வேலையோடு வந்தவரும் வேலை இருப்பதால் தங்கியிருப்பவருமே எண்ணப்படுகிறார்கள். இப்படி வடிகட்டிய பின், ‘பார்த்தீர்களா, இவர்களில் பெரும்பாலானோர் வேலை செய்கிறார்கள்’ என்று வியப்பதில் என்ன இருக்கிறது?

சோமாலியரின் பாதைக்கு வருவோம். 1988இல் சியாட் பாரேயின் விமானப்படை தன் சொந்த நாட்டின் ஹர்கெய்சா நகரத்தைக் குண்டுவீசித் தரைமட்டமாக்கியது. 1991 ஜனவரியில் அரசே வீழ்ந்தது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், கடவுச்சீட்டு அலுவலகம் எல்லாம் அதனுடன் போயின. வந்தவர்களில் பலர் குழந்தைகளோடு வந்த பெண்கள். கணவன் கொல்லப்பட்டிருந்தான், அல்லது காணாமற் போயிருந்தான், அல்லது நைரோபியிலோ வளைகுடாவிலோ விடுபட்டிருந்தான். இவர்களை எந்தப் பரீட்சையும் வடிகட்டவில்லை. உயிர் தப்பியது மட்டுமே தகுதி. பிறகு வந்த பிள்ளைகளில் பலர், பள்ளிக்கூடமே இல்லாத நாட்டில் வளர்ந்தவர்கள். படித்து வந்தவர்களோ, இல்லாத ஓர் அரசின் சான்றிதழ்களைக் கையில் வைத்திருந்தார்கள்.

ஐந்து பிள்ளைகளோடு தனித்து வாழும் தாயொருத்தியும், இருபத்தாறு வயதில் தனியாக வந்த தாதியொருவரும் அட்டவணையில் சமமான இரு அலகுகள். முதலாமவர் ‘பொருளாதார ரீதியில் செயற்படாதவர்’. ஐந்து பிள்ளைகளை வளர்ப்பது செயற்பாடு ஆகாது என்பது அட்டவணையின் விதி!

உழைத்த சோமாலியரை எண்ணாத வரலாறு

சோமாலியர் உழைக்கத் தெரியாதவர்கள் என்று சொல்பவர்கள் கார்டிவ் துறைமுகத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பிரித்தானிய சோமாலிலாந்தின் மாலுமிகள் கார்டிவ், சவுத் ஷீல்ட்ஸ், லிவர்பூல், இலண்டன் துறைமுகங்களில் இருந்தார்கள். நீராவிக் கப்பல்களின் அடித்தட்டில் உலைக்கு நிலக்கரி போடுவது அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை. வெள்ளை மாலுமிகள் விரும்பாத வேலை. அந்த வேலையும் பொறுக்கவில்லை. 1925இல் நிறம் கொண்ட அந்நிய மாலுமிகளுக்கான விசேட கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிரித்தானியப் பிரஜை என்று கடதாசியில் நிரூபிக்க முடியாத கறுப்பு, அரபு, ஆசிய மாலுமிகள் அந்நியராகப் பதியப்பட்டார்கள்.

1952 செப்டெம்பர் 3ஆம் திகதி கார்டிவ் சிறையில் மஹ்மூத் ஹுசைன் மட்டான் என்ற சோமாலிய மாலுமி தூக்கிலிடப்பட்டார். கடைக்காரப் பெண்ணொருவரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தது. இடையில் 45 வருடங்களுக்கு மேல். ஒரு சமூகத்தின் பொருளாதார நிலை பற்றிப் பேசும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நீதிமன்றத்தில் ஒருவரின் சொல்லை நம்புவதற்குத் தடையாக இருந்த அதே நிறம், வேலை கொடுப்பவரின் மேசையிலும் தடையாக இருக்கும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கப்பல் வேலை குறைந்தபோது, 1950களிலும் 60களிலும் சோமாலியர் பலர் ஷெபீல்ட் நகரின் உருக்காலைகளுக்குப் போனார்கள். உருக்காலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1988க்குப் பின் அகதிகள் வந்து இறங்கியபோது, மொழி தெரியாதவர் கைகளை மட்டும் கொண்டு உழைக்கக்கூடிய அந்தப் பழைய தொழிற்றுறை அங்கு இருக்கவில்லை. முந்திய தலைமுறை உழைத்தது வேறு குணத்தால் அல்ல. பிந்திய தலைமுறை வேலையின்றி நின்றதும் வேறு குணத்தால் அல்ல. இடையில் பிரித்தானியப் பொருளாதாரம்தான் மாறியிருந்தது.

சுமையாக எண்ணப்பட்ட நேபாளியர்

மறுபக்கம், நேபாளியர் எப்போதும் கெட்டிக்காரராகவே எண்ணப்பட்டார்களா? 2009க்குப் பின் வந்தவர்களில் பெரும் பங்கினர் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய முன்னாள் படையினரும் அவர்களின் மனைவியரும் விதவைகளும். மலைக் கிராமங்களிலிருந்து வந்த இவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. இவர்களின் ஓய்வூதியம் 1947இல் செய்யப்பட்ட முத்தரப்பு உடன்படிக்கையின் வழியில் இந்தியப் படையினரின் சம்பள விதிகளை ஒட்டி நிர்ணயிக்கப்பட்டது. நேபாளத்தில் வாழ்வதற்கெனக் கணக்கிட்ட அந்தக் காசு இங்கிலாந்தில் வாடகைக்கும் காணாது. எனவே இவர்கள் முதியோர் உதவிப்பணத்தில் தங்கி வாழ வேண்டியவர்களானார்கள்.

இவர்களில் பெருமளவினர் குடியேறிய அல்டர்ஷொட் பகுதியில் என்ன நடந்தது? வைத்தியசாலையில் இடமில்லை, வீடு இல்லை, பூங்கா வாங்குகளிலெல்லாம் நேபாளிக் கிழவர்கள் என்ற முணுமுணுப்புகள் எழுந்தன. 2011இல் அப்பகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் ஜெரால்ட் ஹவார்த் பொதுச்சேவைகள் தாங்கமுடியாத நிலையில் இருக்கின்றன என்று பிரதமருக்கே முறையிட்டார். ஈராண்டுகளுக்கு முன் ‘எமது வீரர்கள்’ என்று தோளில் தூக்கப்பட்டவர்கள் ‘சுமை’ ஆனார்கள். 2021 ஓகஸ்டில் சம ஓய்வூதியம் கேட்டு முன்னாள் கூர்க்காக்கள் பிரதமரின் வாசஸ்தலத்துக்கு முன்னால் பதின்மூன்று நாட்கள் உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. அவர்களும் நேபாளியர்தான். ஐந்து வருடத்தில் வீடு வாங்கும் நேபாளியைப் பற்றிப் பேசும் எம்மவரின் கதையில் அவர்களுக்கு இடமில்லை.

அகதியான நேபாளியும் வியாபாரியான சோமாலியும்

வாசல்தான் காரணம் என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதே மக்களை வேறு வாசலால் அனுப்பிப் பார்ப்பது. வரலாறு அந்தக் கொடுமையான பரிசோதனையை ஏற்கெனவே செய்திருக்கிறது.

பூட்டானின் தெற்கில் தலைமுறைகளாக வாழ்ந்த நேபாளி மொழி பேசும் மக்கள், 1985இன் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் 1988இன் குடிசனக் கணக்கெடுப்பாலும் அந்நியராக்கப்பட்டு, 1990க்குப் பின் விரட்டப்பட்டனர். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நேபாளத்தின் ஜாபா, மொராங் மாவட்ட முகாம்களில் ஏறத்தாழ இருபது வருடங்கள் மூங்கில் குடிசைகளில் வாழ்ந்தார்கள். (பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்படுவது என்றால் என்ன என்று மலையகத் தமிழருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.) 2007இலிருந்து அவர்கள் மூன்றாம் நாடுகளில் குடியேற்றப்பட்டனர். தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோரை அமெரிக்கா எடுத்தது. மொழியும் பண்பாடும் நேபாளியருடையவை, வாசல் சோமாலியருடையது. விளைவு என்ன? 2015ஆம் ஆண்டுத் தரவுகளின்படி அமெரிக்காவில் பூட்டானியர் எனக் கணக்கிடப்பட்டோரில் மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தார். ஆசிய வழியினர் அனைவருக்குமான வீதம் 12 அளவில்தான். தற்கொலை வீதம் பொது வீதத்தை மிஞ்சியதால், அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையமே அது பற்றித் தனியாக ஆய்வு செய்தது. 2025 மார்ச்சிலிருந்து அவர்களில் சிலர் பூட்டானுக்கே நாடுகடத்தப்பட்டு, பூட்டான் அவர்களை மீண்டும் எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டது. நாடு கடத்துவதற்கும் ஒரு நாடு வேண்டுமே!

அமெரிக்காவில் நேபாளியர் எனத் தனியே கணக்கிடப்பட்டவர்களின் நிலையும் கதையில் வருவது போல் இல்லை. 2015இல் அவர்களின் இடைநிலைக் குடும்ப வருமானம் 43,500 டொலர். ஆசிய வழியினரில் அதைவிடக் குறைவாக இருந்தவர்கள் பர்மியர். 2019இலும் நாட்டின் பொது இடைநிலைக்குக் கீழேயே அவர்கள் இருந்தனர். பெற்றோல் நிலையங்களிலும் சிறு கடைகளிலும் நாள் முழுக்க நிற்கும் உழைப்பு செல்வமாக மாறுவதற்கு உழைப்பு மட்டும் போதாது என்பதே இதன் பொருள்.

சோமாலியரை வேறு வாசலில் பார்ப்போம். நைரோபியின் ஈஸ்ட்லி பகுதிக்கு 1990களின் தொடக்கத்தில் அகதிகளாக வந்தவர்கள், கரிஸா லொட்ஜ் என்ற தங்குவிடுதியின் அறைகளில் துணி விற்கத் தொடங்கினார்கள். அறைகள் கடைகளாயின. விடுதி வணிக வளாகமானது. பின் தெருத் தெருவாக வளாகங்கள் எழுந்தன. இன்று கிழக்காபிரிக்காவின் பெரும் வணிக மையங்களில் ஒன்று ஈஸ்ட்லி. கென்யா அவர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கவில்லை. மரியாதையும் கொடுக்கவில்லை: 2014 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோரைச் சுற்றிவளைத்துப் பிடித்து, கசரானி விளையாட்டரங்கில் அடைத்து வைத்தது. இருந்தும் அங்கே கடை திறக்க டிப்ளோமா கேட்பாரில்லை.

அமெரிக்காவின் மினசோட்டாவில் இறைச்சி பதனிடும் ஆலைகள் மொழி கேட்காமல் ஆட்களை எடுத்தன. சோமாலியர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 2018இல் மினியாபொலிஸை அண்டிய அமேசன் களஞ்சியசாலைகளில் வேலைப்பளுவுக்கும் தொழுகை நேரத்துக்குமாகக் குரல் எழுப்பி, அந்த இராட்சத நிறுவனத்தைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்தவர்கள் பெரும்பாலும் சோமாலியத் தொழிலாளர்களே. சுவீடனில் வேலையின்றி இருக்கும் சோமாலியரின் உறவினர் மினியாபொலிஸில் எப்படி வேலையும் கடையுமாக இருக்கிறார்கள் என்ற கேள்வியை லுண்ட் பல்கலைக்கழகப் பொருளாதார வரலாற்றாசிரியர் பென்னி கார்ல்சன் எழுப்பி ஆராய்ந்தார். அதே குலம், அதே மதம், சிலவேளை அதே தாய் வயிற்றுப் பிள்ளைகள். குணம் அத்திலாந்திக்கைக் கடக்கும்போது மாறுமா?

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. இதைக்கொண்டு ‘உதவிப்பணத்தை வெட்டினால் எல்லோரும் உழைப்பார்கள்’ என்று வலதுசாரிகள் வாதிடுவர். டென்மார்க் 2002இலேயே புதிதாக வந்தோருக்கான உதவியை வெட்டிப் பார்த்தது. மினசோட்டாவின் சோமாலியர் வேலை செய்துகொண்டே ஏழைகளாக இருக்கிறார்கள் என்பதை இந்த வாதம் மறைக்கிறது. வேலை வீதம் உயர்ந்திருப்பதும் வயிறு நிரம்பியிருப்பதும் ஒன்றல்ல.

அட்டவணைக்குள் வராத காசு

சேமிப்புப் பழக்கம் இல்லாதவர்கள் என்ற குற்றச்சாட்டும் சோமாலியர்மீது உண்டு. சோமாலியப் பெண்களிடையே ஹக்பாத் என்றும் அயூட்டோ என்றும் ஒரு முறை இருக்கிறது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து மாதாமாதம் காசு போட்டு, முறைக்கு ஒருவர் முழுத் தொகையையும் எடுப்பார்கள். நேபாளியர் இதை டிகுட்டி என்பர். நாம் சீட்டு என்கிறோம். மூவரிடமும் இருப்பது ஒரே வித்தை. அதை என்ன செய்ய முடிகிறது என்பதில்தான் வித்தியாசம். வட்டி மார்க்கத்துக்கு விரோதம் என்று நம்பும் சோமாலியக் குடும்பம் வங்கிக் கடனில் வீடு வாங்கத் தயங்குகிறது. இரண்டு சம்பளம் வருகின்ற நேபாளிக் குடும்பம் சீட்டுக் காசை முற்பணமாகக் கட்டுகிறது. ஒருவரின் வீடு அட்டவணையில் சொத்தாகத் தெரிகிறது. மற்றவரின் காசு வேறெங்கோ போகிறது.

எங்கே போகிறது? நாம் உண்டியல் என்று அழைக்கும் அதே வழியால், சோமாலியரிடம் ஹவாலா என்ற பெயரில், ஹர்கெய்சாவுக்கும் மொகடிசுவுக்கும் அகதி முகாம்களுக்கும் போகிறது. வெளிநாடுகளிலிருந்து வருடாந்தம் நூறு கோடி டொலருக்கு மேல் சோமாலியாவுக்குப் போய்ச் சேர்கிறது. அரசு இல்லாத காலத்தில் அரசாக இருந்தது இந்தக் காசுதான். உதவிப்பணத்தில் வாழும் தாயும் அதில் ஒரு பங்கை அனுப்பினாள். 2001 நவம்பரில் அமெரிக்கா அல்பரக்காத் என்ற பணமாற்று நிறுவனத்தை ஒரே நாளில் மூடியது. பின்னர் செப்டெம்பர் 11 விசாரணை ஆணைக்குழுவின் ஆய்வு, பயங்கரவாதத் தொடர்புக்கான ஆதாரத்தை நிறுவ முடியவில்லை என்று பதிவு செய்தது. 2013இல் பிரித்தானியாவின் பார்க்லேஸ் வங்கி சோமாலியப் பணமாற்று நிறுவனங்களின் கணக்குகளை மூடப்போவதாக அறிவித்தது. ஒரு மக்களின் உயிர்நாடி, வங்கியொன்றின் ‘ஆபத்துக் கணிப்பு’ ஆகிவிட்டது. உண்டியல் காசை நம்பி யாழ்ப்பாணத்தில் அடுப்பெரித்த எமக்கு இது விளங்காமற் போக நியாயமில்லை.

நேபாளியின் கணக்கிலும் மறைந்த பக்கம் உண்டு. நேபாளத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நான்கிலொரு பங்களவில் வெளிநாட்டுக் காசு. பராமரிப்பு வேலைக்காக வந்தவர்களில் பலர் முகவர்களுக்குப் பெரும் தொகை கட்டி, கடனோடு வந்தவர்கள். சம்பளத்தின் பெரும்பகுதி வட்டிக்குப் போகும்; முதலாளி மோசமானவர் என்றாலும் விசா அவர் கையில். 2025 யூலையில் பிரித்தானியா வெளிநாட்டிலிருந்து பராமரிப்புத் தொழிலாளரை எடுப்பதையே நிறுத்தியது. அட்டவணையில் இவர் ‘வேலையிலுள்ளவர்’. பிணைப்பட்ட உழைப்பாளி என்ற நிரல் அங்கு கிடையாது.

வாசல் மட்டும்தானா?

எல்லாப் பழியையும் வெள்ளை அரசின்மீது போட்டுவிட்டு இரு சமூகங்களையும் புனிதப்படுத்துவது இன்னொரு வகை ஏமாற்று. எமது முற்போக்கு வட்டாரங்களில் இது தாராளமாக நடக்கிறது.

கூர்க்காப் படைக்கு ஆளெடுத்த பிரித்தானியர் ‘போர்வீர இனங்கள்’ என்று தாமே தெரிந்த குருங், மகர், ராய், லிம்பு மக்களையே முதன்மையாக எடுத்தனர். தலித்துகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஆகவே ஓய்வூதியமும் ஹொங்கொங் சம்பளமும் குடியேற்ற உரிமையும் சாதிக் கோட்டிலேயே ஓடின. புலம்பெயர்ந்த நேபாளித் தலித்துகள் பிரித்தானியாவிலும் சாதிப்பாகுபாட்டைப் பற்றிப் பேசிவருகிறார்கள். 2018இல் பிரித்தானிய அரசு சாதிப்பாகுபாட்டுக்கெனத் தனிச்சட்டம் செய்வதில்லை என்று முடிவெடுத்தது. ‘நேபாளி முன்னேறிவிட்டான்’ என்பவரிடம், எந்த நேபாளி என்று கேட்க வேண்டும்.

சோமாலியரிடையே குலம் என்பது ஒருவகைக் காப்புறுதி. கடன், வேலை, தங்குமிடம், செத்தவீட்டுச் செலவு எல்லாம் அதனூடாகக் கிடைக்கும். ஆனால் சிறு குலத்தவருக்கும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியான பந்துச் சோமாலியருக்கும் அந்தக் காப்புறுதி கிடையாது. ஆண்களின் பிரச்சினை வேறு. ஊரில் மதிப்போடு இருந்தவன் இங்கே வேலையும் இன்றி, வீட்டுத் தலைமையும் மனைவியிடம் போன பின், காட் இலையை மென்றுகொண்டு இரவைக் கழிப்பது பெரும் துயரமாக இருந்தது. 2014 யூனில் பிரித்தானியா அந்த இலையைத் தடைசெய்தபோது அதை வரவேற்றவர்களில் சோமாலியப் பெண்களும் இருந்தார்கள். எம் ஆண்களின் போத்தல்களை அறிந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.

இந்த உள்முரண்களை அச்சமூகத்தினர் தாமே பேசுகிறார்கள், பேச வேண்டும். ஆனால் உள்முரண் வேறு, இனக்குணம் வேறு. சிலர் செய்த குற்றத்தை இனத்தின் குணமாக்குவது எவ்வளவு சுலபம் என்பதை மினசோட்டாவில் கண்டோம். 2022இல் குழந்தைகளின் உணவுத்திட்டப் பணத்தில் நடந்த பெரும் மோசடிக்காகப் பலர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் சோமாலிய வழியினர். குற்றம் செய்தவர் தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் 2025 டிசம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப் ‘குப்பை’ என்று சொன்னது குற்றவாளிகளை மட்டுமல்ல. எம்மவர் சிலரின் கடனட்டை மோசடிகள் பத்திரிகைகளில் வந்த காலத்தில், பெற்றோல் நிலையத்தில் நின்ற ஒவ்வொரு தமிழ்ப் பெடியனையும் சனம் எப்படிப் பார்த்தது என்பதை மறந்துவிட்டோமா?

எமக்கு இதில் என்ன?

1980களின் நடுப்பகுதியில் ஜேர்மனியில் அகதி விண்ணப்பதாரருக்கு வருடக்கணக்கில் வேலை செய்யத் தடை இருந்தது. விடுதியில் அடைந்து கிடந்து, பொதி உணவை வாங்கிச் சாப்பிட்டு, சீட்டாடி நாளைப் போக்கிய எம் இளைஞர்களை அன்று யாராவது அட்டவணை போட்டிருந்தால் நாம் எந்த இடத்தில் இருந்திருப்போம்? அன்றைய சுவிஸ் பத்திரிகைகளில் தமிழர் போதைப்பொருள் விற்பவர்களாகவும் போலி அகதிகளாகவும் காட்டப்பட்டனர். பிறகு உணவகச் சமையலறைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். கோப்பை கழுவிய அதே தமிழர் ‘கடும் உழைப்பாளி’ ஆனார்கள். நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகள் ஆளின்றித் தவித்த நேரத்தில் நாம் போய்ச் சேர்ந்தோம். மீன் வெட்ட நோர்வேஜிய மொழி தேவைப்படவில்லை. இதில் எமது உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தக் கதவு அந்த நேரத்தில் திறந்திருந்ததும் இருக்கிறது. உழைப்பை நினைவில் வைத்துக்கொண்டு கதவை மறந்துவிட்டோம். மறந்தபின் அடுத்தவனைக் ‘காப்பிலி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடிகிறது.

இந்த மறதிக்கு விலை கொடுப்பவர்கள் சோமாலியர் மட்டுமல்ல. 2021 ஒக்டோபரில் தமிழ் அகதிகளோடு சென்ற படகொன்று டியாகோ கார்சியாவில் கரையேற்றப்பட்டது. குழந்தைகள் உட்பட அவர்கள் மூன்று வருடங்களுக்கு மேல் அந்த இராணுவத் தீவில் வேலியிட்ட முகாமில், கூடாரங்களில் வைக்கப்பட்டிருந்தனர். 2024 டிசம்பரில்தான் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைத் தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றமும் அம்மாதமே கூறியது. பிரித்தானியாவில் அகதி விண்ணப்பம் செய்பவர் ஒரு வருடம் காத்திருந்த பின்னரே, அதுவும் குறிப்பிட்ட பட்டியலிலுள்ள வேலைக்கு மட்டும், அனுமதி கேட்கலாம். மூன்று வருடம் கூடாரத்தில் கிடந்து மனம் உடைந்துபோன ஒருவர் முதல் ஐந்து வருடங்களில் எந்த நிரலில் விழுவார்? அவரைப் பற்றி முந்தி வந்த தமிழர் என்ன பேசுவார்கள்? “நாங்கள் வந்த காலத்திலை இப்பிடியே இருந்தனாங்கள்?” என்றுதான் பேசுவார்கள். சோமாலியருக்கென்று வளர்த்த நாக்கு நாளை எம்மவரையே சுடும்.

நல்ல அகதி, கெட்ட அகதி என்ற வரிசை அகதிகளால் உருவாக்கப்பட்டதல்ல. அதில் மேலிடம் பிடிக்கும் போட்டியில் நாம் ஆர்வமாக இறங்கும்போது, வரிசையை வைத்திருப்பவனுக்கு வேலை மிச்சமாகிறது. நேபாளியர் அதில் உயர்த்தப்பட்டதையும் ‘சுமை’ என்று இறக்கப்பட்டதையும் பார்த்தோம். எமது இடமும் நிரந்தரமானதல்ல.

ஆகவே அடுத்தமுறை இந்த ஒப்பீடு எழும்போது, சிரித்து ஒதுங்காமல் மூன்று கேள்விகளைக் கேட்கும்படி வாசகர்களை வேண்டுகிறேன். அவர்கள் எந்த வருடம், எந்தக் கடதாசியோடு வந்தார்கள்? வந்த நேரத்தில் மொழி தெரியாதவருக்கு அங்கே என்ன வேலை இருந்தது? இந்த எண்களுக்குள் எத்தனை குழந்தைகள், எத்தனை கிழவர்கள், எத்தனை தனித்த தாய்மார் இருக்கிறார்கள்? இவற்றுக்குப் பதில் தெரிந்த பின்னும் ‘உதவாக்கரை’ என்ற சொல்தான் வாயில் வருமென்றால், அது சோமாலியரைப் பற்றிய தகவலாக இராது, எம்மைப் பற்றிய தகவலாகவே இருக்கும்.